ஐம்பத்திரண்டு நிமிடம்

அருமைநாயகத்துக்கு நாற்பத்து மூன்று வயது. அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்த தாஹிராவுக்கு முப்பத்திரண்டு. அந்த வித்தியாசம் இருவருக்கும் சங்கடமாக இருந்தது முதல் ஒரு வாரம்தான்.

அருமைநாயகம் இருபது வருடம் விமானப் படையின் வானிலைப் பிரிவில் இருந்தவர். மேலே இருப்பவர் சொன்னால் செய்வார். ஏன் என்று கேட்டதில்லை. அங்கிருந்து ஓய்வு பெற்ற பிறகு படித்து, பரீட்சை எழுதி, மூன்றே விமானங்கள் வைத்திருந்த ஒரு சிறிய கம்பெனியில் டிஸ்பாட்சராகச் சேர்ந்தார். விமானம் கிளம்பும் முன் எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம், எவ்வளவு எரிபொருள் என்று ஒரு தாளில் எழுதித் தருவதுதான் டிஸ்பாட்சரின் வேலை. அந்தத் தாளில் அவர் கையெழுத்துப் போட வேண்டும், விமானியும் போட வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் விமானம் நின்ற இடத்தை விட்டு நகராது.

கம்பெனியின் தலைமை டிஸ்பாட்சர் தாஹிரா. முத்தரசூர் விமான நிலையத்தின் மாடியில், ஜன்னலே இல்லாத ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார். அதிகம் பேச மாட்டார்.

அருமைநாயகம் சேர்ந்த முதல் நாள் தாஹிரா கேட்டார்.

"அருமை சார், இங்கிருந்து வேங்கைமலைக்கு எவ்வளவு தூரம்?"

அருமைநாயகம் கணினியில் இரண்டு புள்ளிகளைத் தொட்டார். நடுவே ஒரு கோடு விழுந்தது.

"இருநூற்று முப்பத்தொரு கிலோமீட்டர் மேடம்."

"எவ்வளவு நேரம்?"

"நம்ம விமானம் மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டர் போகும். அப்போ அரை மணி நேரம்கூட ஆகாது."

தாஹிரா ஒரு சீட்டை எழுதி நீட்டினார். விமானிகளுக்குப் பின்னால், அவர்களுடைய அறையிலேயே ஒரு மடக்கு நாற்காலி உண்டு. அதில் உட்கார்ந்து போக அனுமதிச் சீட்டு.

"போய் அளந்துட்டு வாங்க."

அருமைநாயகம் போனார். அந்த அறையில் இரண்டு விமானிகளின் தோள்களுக்கு நடுவே வானம் தெரிந்தது. சக்கரம் உருளாமல் வைத்திருந்த கட்டையை எடுத்ததிலிருந்து மறுபடி வைக்கிற வரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். திரும்பி வந்து சொன்னார்.

"நாற்பத்தொரு நிமிஷம் மேடம். நான் சொன்னது தப்பு. ஏறுறதுக்கும் இறங்குறதுக்கும் நேரம் சேர்க்கல."

"மறுபடி போங்க."

இரண்டாம் முறை வழியில் ராணுவப் பயிற்சி நடந்தது. அந்த வான்வெளிக்குள் போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். சுற்றிக்கொண்டு போனார்கள். நாற்பத்தொன்பது நிமிடம்.

"மறுபடி போங்க."

மூன்றாம் முறை எதிர்க்காற்று. வேங்கைமலைக்கு மேற்கே முழுக்க மலை. காற்று அப்படி அடிக்கிற நாளில் கிழக்கே வெகுதூரம் போய்த் திரும்பித்தான் இறங்க முடியும். ஐம்பத்தேழு நிமிடம்.

நான்காம் முறை மலைக்கு மேல் மேகம் உட்கார்ந்திருந்தது. மூன்று வட்டம் அடித்தார்கள். கீழே ஓடுதளம் கண்ணில் படவே இல்லை. விமானி தோளைக் குலுக்கிவிட்டு, விமானத்தைத் திருப்பி, வேறோர் ஊரில் கொண்டுபோய் இறக்கினார். அங்கிருந்து அருமைநாயகம் பஸ் பிடித்து, மறுநாள் மதியம் கசங்கிய சட்டையோடு வந்து நின்றார்.

"எவ்வளவு நேரம் சார்?"

"போய்ச் சேரவே இல்ல மேடம்."

"அதையும் எழுதுங்க."

"அதை எந்த எண்ணா எழுதுறது?"

தாஹிரா அலமாரியைத் திறந்து ஒரு கட்டுப் பதிவேடுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தார். நான்கு வருடமாக அந்த வழியில் போன ஒவ்வொரு விமானமும் எத்தனை நிமிடத்தில் போனது என்று அதில் இருந்தது. பெரும்பாலும் தாஹிராவின் கையெழுத்து.

"ஒரு நம்பர் சொல்லுங்க."

பதினோரு நாள் எடுத்துக்கொண்டார் அருமைநாயகம். ராத்திரி சாப்பாட்டுத் தட்டின் முன்னாலும் விரல் மடக்கிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி கிரேஸி பிற்பாடு சொல்லிச் சிரித்திருக்கிறாள். பன்னிரண்டாம் நாள் வந்து சொன்னார்.

"ஐம்பத்திரண்டு."

"ஏன்?"

"பத்து தடவை போனா ஒன்பது தடவை அதுக்குள்ள போய்ச் சேர்ந்திருக்கு."

"பத்தாவது தடவை?"

"அதுக்குத்தான் ரிசர்வ் எரிபொருள் வெச்சிருக்கோம்."

தாஹிரா தன் மேஜையிலிருந்த பழைய தாள் ஒன்றைத் திருப்பிக் காட்டினார். முத்தரசூர் முதல் வேங்கைமலை வரை என்று இருந்தது. பயண நேரம் என்ற கட்டத்தில் அவர் கையெழுத்தில் ஐம்பத்திரண்டு.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே மேடம். நாலு தடவை போயிட்டு வந்தேன்."

"சொல்லியிருந்தா அது என் நம்பர்."

அந்த மாதக் கடைசியில் அருமைநாயகத்துக்குத் தனியாகக் கையெழுத்துப் போடும் உரிமை வந்தது.

பங்குனி பிறந்ததும் கம்பெனிக்குப் புதிதாக ஒரு மேலாளர் வந்தார். பெயர் வித்யாசாகர். நல்ல சட்டை, நல்ல பேச்சு. வந்த ஒரு வாரத்தில் முத்தரசூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு பெரிய விளம்பரப் பலகை எழுந்தது. சாலையில் ஆறு மணி நேரம், எங்களோடு நாற்பதே நிமிடம் என்று அதில் இருந்தது.

பலகை எழுந்த மறுநாள் மாடி அறைக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி வேங்கைமலைக்குப் பயண நேரம் நாற்பது நிமிடம் என்றே எழுத வேண்டும்.

தாஹிரா அதைப் படித்தார். மடித்தார். எடுத்துக்கொண்டு வித்யாசாகரின் அறைக்குப் போனார். அருமைநாயகமும் பின்னாலேயே போய் வாசலில் நின்றார்.

"சார், பலகையில என்ன வேணாலும் போட்டுக்குங்க. தாள்ல போட முடியாது."

"ஏம்மா முடியாது? நாற்பது நிமிஷத்துல போனதே இல்லையா?"

"போயிருக்கு."

"அப்புறம் என்ன? நாற்பதுன்னு எழுதினா பன்னிரண்டு நிமிஷ எரிபொருள் குறையும். அந்த எடைக்கு ரெண்டு பேரைக் கூட ஏத்தலாம். மத்தியான வெயில்ல நம்ம ஓடுதளத்துல எடை எவ்வளவு பெரிய தலைவலின்னு உங்களுக்குத் தெரியாததா?"

அது உண்மைதான். வெயில் ஏற ஏறக் காற்று லேசாகிவிடும். விமானம் மேலெழும்ப அதிக தூரம் ஓட வேண்டும். முத்தரசூர் ஓடுதளமோ குட்டை. மத்தியான விமானத்தில் எப்போதும் சில இருக்கைகள் காலியாகவே போகும்.

"தெரியும் சார்."

"ரிசர்வ்னு அரை மணி நேரத்துக்குத் தனியா எரிபொருள் இருக்கே. அதுல கை வெக்கச் சொல்றேனா நான்?"

"அது தப்பு நடந்தா எடுக்கிறதுக்கு. நாமளே உக்காந்து தப்பை எழுதிட்டு, அதிலிருந்து எடுத்துக்கலாம்னு சொல்றதுக்கு இல்ல."

"இது உத்தரவு தாஹிரா."

"சரி சார். என் கையெழுத்து இல்லாம பறக்குமான்னு பாருங்க."

வித்யாசாகர் கோபப்படவில்லை. அடுத்த நாள் காலை தாஹிராவைக் கீழ்த்தளத்துக்கு மாற்றி ஆணை வந்தது. காணாமல் போன பெட்டிகளைப் பற்றிப் புகார் வாங்குகிற மேஜை. தாஹிரா தன் தண்ணீர் பாட்டிலையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

படிக்கட்டில் அருமைநாயகம் வழிமறித்துக் கேட்டார்.

"மேடம், இனி நான் என்ன பண்றது?"

"எதுக்கு என்னைக் கேக்கறீங்க?"

"நீங்கதானே குரு."

"உங்க லைசென்ஸ்ல யார் பேர் சார் இருக்கு?"

தாஹிரா படியிறங்கிப் போய்விட்டார். அருமைநாயகத்துக்கு முதல்முறையாக அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வார்த்தை, செய்யுங்கள் என்றோ செய்யாதீர்கள் என்றோ சொல்லியிருந்தால் என்ன?

அன்று மத்தியான விமானம் இரண்டே முக்காலுக்கு. வெயில் முப்பத்தொன்பது டிகிரி. அத்தனை இருக்கைகளுக்கும் ஆள் பதிவாகியிருந்தது. நாற்பது நிமிடம் என்று எழுதினால் அத்தனை பேரும் போகலாம். ஐம்பத்திரண்டு என்று எழுதினால் இரண்டு பேர் இறங்க வேண்டும்.

இரண்டு மணிக்கு வித்யாசாகர் தானே மாடிக்கு வந்தார். கையில் தாள் இருந்தது. எல்லாக் கட்டங்களும் நிரப்பியாகிவிட்டது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

"அருமைநாயகம், நீங்க படையில இருந்தவர். கட்டுப்பாடுன்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை."

அருமைநாயகம் எழுந்து நின்றார். அது பழக்கம். இருபது வருடம் எழுந்து நின்ற கால்கள். வாய்கூடச் சரி சார் என்று சொல்லத் தயாராகிவிட்டது.

தாளைப் பார்த்தார். பயண நேரம், நாற்பது. கீழே அவர் பெயர் அச்சிட்டிருந்தது. அந்த எண்ணுக்கும் அந்தப் பெயருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று அவருக்குப் பட்டது.

அந்தத் தாளை அப்படியே ஓரமாக வைத்தார். புதுத் தாள் ஒன்று எடுத்தார். உட்கார்ந்தார். கட்டம் கட்டமாக நிரப்பி, ஐம்பத்திரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினார்.

வித்யாசாகர் அதை வாங்கி இரண்டாகக் கிழித்தார்.

அருமைநாயகம் இன்னொரு தாள் எடுத்தார். ஐம்பத்திரண்டு.

அதையும் கிழித்தார்.

"என்ன சார் விளையாட்டு? வேலை வேணுமா வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்போ எழுதுங்க."

அருமைநாயகம் இன்னொரு தாளை இழுத்தார். மூன்றாவது தாளில் எழுத்து கோணலாகத்தான் வந்தது. ஆனால் படிக்க முடிந்தது. ஐம்பத்திரண்டு.

"கட்டுல இன்னும் நூறு தாள் இருக்கு சார். நீங்க கிழிக்கக் கிழிக்க நான் எழுதறேன்."

அந்த நேரம் பார்த்துக் கேப்டன் லோபோ உள்ளே வந்தார். நரைத்த மீசை. மங்களூர்க்காரர். தமிழை அளந்து அளந்துதான் பேசுவார். தாளுக்காக வந்தவர், தரையில் கிடந்த கிழிசல்களைப் பார்த்தார். வித்யாசாகரைப் பார்த்தார். பிறகு அருமைநாயகத்தின் கையிலிருந்த தாளை வாங்கிப் படித்தார். மேஜையில் கிடந்த பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு கையெழுத்து இருக்கு. நான் போறேன்."

வித்யாசாகர் கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார்.

இரண்டு பேரை இறக்க வேண்டும் என்ற செய்தியைச் சொல்லக் கீழே இருந்தவர்கள் தயங்கினார்கள். அருமைநாயகம் தானே இறங்கிப் போனார். கடைசியாக வந்து பதிவு செய்த இருவர். ஒருவர் மருந்து விற்பனைப் பிரதிநிதி. அலுத்துக்கொண்டு, போனை எடுத்துப் பேசியபடியே நகர்ந்துவிட்டார். இன்னொருவர் இருபத்தெட்டு வயதுப் பெண். நெஞ்சோடு ஒரு தடித்த புத்தகத்தை அணைத்திருந்தாள். ஐந்து வருடம் உழைத்து எழுதிய ஆராய்ச்சி அது. வேங்கைமலைப் பல்கலைக்கழகத்தில் நாலரை மணிக்கு வாய்மொழித் தேர்வு.

"சார், நான் நாற்பத்தெட்டு கிலோ. நான் ஏறினா விழுந்துடுமா?"

"விழாதும்மா."

"அப்புறம் ஏன் இறக்குறீங்க?"

"எரிபொருளுக்கு அந்த எடை வேணும்."

"பலகையில நாற்பது நிமிஷம்னு போட்டிருக்கு. அதை நம்பித்தானே சார் வந்தேன். வெளியூர்லேர்ந்து தேர்வாளர் வந்து உக்காந்திருக்காரு. இன்னைக்கு விட்டா மறுபடி எப்போ வருவாருன்னு யாருக்குத் தெரியும்? யார் சார் இதையெல்லாம் முடிவு பண்றது?"

அருமைநாயகம் கம்பெனி என்று சொல்லியிருக்கலாம். விதி என்று சொல்லியிருக்கலாம்.

"நான்தான்மா எழுதினேன்."

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். கண்கள் நிறைந்துவிட்டன. புத்தகத்தைத் தோள்பைக்குள் திணித்துக்கொண்டு, வாடகைக் கார் நிற்கும் பக்கம் ஓடினாள். ஆறு மணி நேரச் சாலை. எப்படியும் போய்ச் சேர முடியாது. அது இருவருக்கும் தெரிந்தது.

விமானம் கிளம்பியது.

மாடியில் உட்கார்ந்து அருமைநாயகம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ராணுவப் பயிற்சி திடீரென்று ரத்தாகியிருந்தது. நேர்வழி கிடைத்தது. காற்று பின்னாலிருந்து தள்ளியது. மலைமேல் ஒரு துண்டு மேகம் இல்லை. விமானம் நெருங்கியதுமே கட்டுப்பாட்டுக் கோபுரம் இறங்கச் சொல்லிவிட்டது.

முப்பத்தொன்பது நிமிடம்.

அவர் அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்தார். மேகம் வராதா என்று ஒரு கணம் நினைத்ததற்காகத் தன்மேலேயே அவருக்கு அருவருப்பு வந்தது. அறுபத்தெட்டுப் பேர் உள்ளே இருக்கிற விமானம் அது.

எழுந்து கீழ்த்தளத்துக்குப் போனார்.

தாஹிராவின் மேஜையில் ஒரு நீலப் பெட்டி இருந்தது. சொந்தக்காரர் யார் என்று தெரியாத பெட்டி. அதற்கு ஒரு சீட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்.

"மேடம், முப்பத்தொன்பது நிமிஷத்துல போயிடுச்சு."

"நல்லா இறங்கிச்சா?"

"இறங்கிச்சு."

"சந்தோஷம்."

"ஒரு பொண்ணை இறக்கி விட்டேன் மேடம். வைவாவுக்குப் போற பொண்ணு. அவ போயிருக்கலாம். அவ எடையும் ஏறியிருக்கலாம், நேரத்துக்கும் போய்ச் சேர்ந்திருக்கலாம். அவ அழுதா. நான் எழுதின ஒரு நம்பர்னால."

தாஹிரா சீட்டுக் கட்டுவதை நிறுத்தினார்.

"அவ பேர் கேட்டீங்களா?"

"பட்டியல்ல இருந்துச்சு. இலக்கியா."

"அந்தப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்க. அந்தப் பொண்ணு லேட்டா வரல, நான்தான் இறக்கி விட்டேன்னு எழுதி, உங்க பேரைப் போட்டு அனுப்புங்க. இன்னைக்கே."

"சரி மேடம். எழுதறேன்." அருமைநாயகம் நகரவில்லை. "ஆனா நான் கேட்க வந்தது அது இல்ல. நான் எழுதினது தப்பா?"

"நாளைக்கு ரெண்டே முக்காலுக்கு அதே விமானம். அதே வெயில். உங்களை உக்கார வெச்சா என்ன எழுதுவீங்க?"

அருமைநாயகம் யோசித்தார். நாளைய காற்று எப்படி என்று தெரியாது. பயிற்சி உண்டா இல்லையா தெரியாது. மேகம் தெரியாது.

"ஐம்பத்திரண்டு."

"அந்தப் பொண்ணு மறுபடியும் வந்து நின்னா?"

பக்கத்தில் பெட்டிகள் வருகிற பெல்ட் காலியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஐம்பத்திரண்டு," என்றார். சத்தமாகவே வந்தது.

பின்னால் யாரோ கை தட்டினார்கள். வித்யாசாகர். அக்குளில் அந்த முப்பத்தொன்பது நிமிடச் செய்தி அச்சான தாளும் ஓர் உறையும். அருமைநாயகத்தைப் பணியிலிருந்து நிறுத்தி வைக்கும் கடிதம். நாளை முதல் வேறோர் ஊரிலிருந்து ஆள் வருகிறார் என்றார். அடையாள அட்டைக்காகக் கையை நீட்டினார்.

அருமைநாயகம் கழுத்திலிருந்து அட்டையைக் கழற்றிக் கொடுத்தார்.

வித்யாசாகர் அச்சான அந்தத் தாளை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"முப்பத்தொன்பது. நாற்பதுகூட இல்ல. கண்ணால பார்த்தீங்க. பார்த்த பிறகும் ஐம்பத்திரண்டுன்னு சொல்றீங்களே, உங்களுக்கெல்லாம் என்ன படிப்புச் சொல்லிக் கொடுத்தாங்க?"

அருமைநாயகம் தாஹிராவைப் பார்த்தார்.

தாஹிரா எழுந்து நின்றார். வித்யாசாகரைப் பார்க்கவில்லை. தன் மாணவரைப் பார்த்துத்தான் சொன்னார்.

"இறங்கின பிறகு எவ்வளவு நேரம்னு யார் வேணாலும் சொல்லலாம் அருமை சார். நாம கிளம்புறதுக்கு முன்னாடி சொல்றவங்க."